டொராண்டோவில் க்ளென் கூல்டைத் தேடிப் போகிறவர்களுக்கு

டொராண்டோ சப்வேயின் முதல் தடத்திலேயே பியானோ கலைஞர் க்ளென் கூல்டின் சுவடுகள் பலவும் கிடைத்துவிடும். செயின்ட் ஆண்ட்ரூ நிலையத்தில் இறங்கி ஃபிரண்ட் தெருவுக்கு நடந்தால், கனடாவின் அரசு ஒலிபரப்பு நிறுவனமான சிபிசியின் கட்டடத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அவரது வெண்கலச் சிலை. கோட்டும் தொப்பியும் போட்டிருக்கிறார். பக்கத்தில் நாமும் உட்காரலாம்.

காலேஜ் நிலையத்தருகே, காலேஜ் பார்க் கட்டடத்தின் 7-ஆம் மாடியில் இருந்தது ஈட்டன் அரங்கம். இப்போதைய பெயர் கார்லு. 1964-இல், 31 வயதில், மேடைக் கச்சேரியையே விட்டுவிட்ட கூல்ட், 1970-களில் பல ஒலிப்பதிவுகளை இங்குதான் செய்தார். நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடும் இடம் என்பதால், நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது.

அவருக்குப் பிடித்த ஸ்டெயின்வே பியானோ, சிடி 318 என்ற எண் கொண்டது, ஒட்டாவாவில் தேசியக் கலை மையத்தில் இருக்கிறது. போய்வர ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். அந்தப் பியானோ அதற்குத் தகும். அவர் காலத்தில் அதன் கட்டைகள் லேசாக அழுந்தின, விரலுக்கு உடனே பதில் சொல்லின. அவர் உட்கார்ந்து வாசித்தது, 1953-இல் அப்பா செய்துகொடுத்த மடக்கு நாற்காலியில். அதன் இருக்கை தரையிலிருந்து சுமார் 35 செ.மீ. தான். அவ்வளவு தாழ உட்கார்ந்தால் தோள்பட்டையின் எடை கட்டைமேல் இறங்காது. வேலை முழுக்க விரல்களுக்கே. இசையமைப்பாளர் பாக்கின் படைப்புகளில் ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஒவ்வொரு குரலும் (மெட்டு இழையும்) தனித்தனியாகக் கேட்பதற்கு அது பெரிய காரணம். பெருமுழக்கம் வேண்டிய இசைக்கு அந்த உயரம் ஒத்துவராது. 1971-இல் இடம் மாற்றும்போது பியானோ கீழே விழுந்து, உள்ளிருக்கும் இரும்புச் சட்டம் விரிசல் கண்டது. பழுதுபார்த்தும் பழைய தொடுகை திரும்பவில்லை. 1981-இல் பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ பதிவுக்கு அவர் வாசித்தது யமாஹா பியானோ.

கிளம்பும் முன், அதே படைப்பை அவர் வாசித்த 1955 பதிவையும் 1981 பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முன்னது சுமார் 38 நிமிடம், பின்னது 51. நிதானம் மட்டும் காரணமல்ல, இரண்டாவதில் சில பகுதிகளைத் திருப்பியும் வாசிக்கிறார்.

கல்லறை மவுண்ட் பிளெசன்ட் மயானத்தில், 38-ஆம் பிரிவு. டேவிஸ்வில் நிலையத்திலிருந்து நடந்து போகலாம். சுமார் 200 ஏக்கர் பரப்பு, ஆகவே பிரிவு எண் இல்லாமல் தேடாதீர்கள். தரையோடு பதித்த சின்னக் கல், அதில் பியானோ வடிவமும் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸின் ஆரம்பப் பகுதியான ஆரியாவின் தொடக்க ஸ்வரங்களும். பனி கொட்டினால் கல் மூடிவிடும். கோடையில் போவது நல்லது.