வயர்லெஸ் எட்டாத ஆழம்

நாகர்கோவிலில் போட்டித் தேர்வு மாணவர்களுக்குப் பன்னாட்டு உறவுகள் பாடம் எடுக்கிறேன். அணு ஆயுதத் தடுப்பு, அதாவது பதிலடிக்குப் பயந்து எதிரி தாக்காமல் இருப்பது என்றால், இந்தியாவின் 1974, 1998 சோதனைகள், அப்புறம் 2003இல் அறிவித்த 'முதலில் பயன்படுத்த மாட்டோம்' கொள்கை. தேர்வுக்கு அது போதும்.

ஒருநாள் நீர்மூழ்கிகள் பற்றிப் பேச்சு. நாட்டின்மேல் முதல் அடி விழுந்தாலும் கடலுக்கடியில் ஒளிந்திருக்கும் கப்பல் திருப்பி அடிக்கும், அந்தப் பயம்தான் எதிரியின் கையைக் கட்டிப்போடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தூத்தூர் பக்கத்துப் பையன் கேட்டான்: "கரையில உள்ளவங்க எல்லாரும் போயாச்சுன்னா, அவங்களுக்கு யாரு சார் சொல்லுவா?"

அவன் வீட்டில் ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கித் தொழில் செய்கிறவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. அந்தக் கரைக்காரனுக்கு இதுதானே முதலில் தோன்றும்!

சாதாரண ரேடியோ அலை கடல்நீருக்குள் இறங்காது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைதான் சில மீட்டர் ஆழமாவது போகும். அதற்கான கடற்படை நிலையம் நமக்குப் பக்கத்திலேயே, நெல்லை மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இருக்கிறது. பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். அதுவும் அழிந்துவிட்டால்? பிரிட்டனில் புதிய பிரதமர் பதவிக்கு வந்ததும், அப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று அணு ஏவுகணை ஏந்திய நான்கு நீர்மூழ்கிகளின் தளபதிகளுக்கும் கைப்படக் கடிதம் எழுதுவார். கப்பலிலேயே பெட்டகத்தில் பூட்டி வைப்பார்கள். நாட்டின் தலைமையே இல்லாமல் போனால்தான் பிரிக்கலாம். அவர் பதவி விலகினால், யாரும் படிக்காமலே அழித்துவிடுவார்கள். இதைச் சொன்னதும் வகுப்பே கப்சிப்.

இப்போதெல்லாம் பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஹைபர்சோனிக் ஏவுகணை, செயற்கை நுண்ணறிவு எல்லாம் தானாக அதில் வந்து சேர்ந்துவிடும்.

1983 செப்டம்பரில் சோவியத் எச்சரிக்கைக் கருவி, அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகக் காட்டியது. பணியிலிருந்த அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் நம்பவில்லை. ஐந்தே ஐந்து ஏவுகணையை வைத்துக்கொண்டு யார் அணுப்போர் தொடங்குவார் என்பது அவர் கணக்கு. மேகத்தின்மேல் பட்ட வெயிலைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எடுத்துக்கொண்டது. ஒலியைவிட ஐந்து மடங்குக்கும் மேலான வேகத்தில், வழியிலேயே திசை மாறி வரும் ஹைபர்சோனிக் ஏவுகணையைப் பார்க்கிற அதிகாரிக்கு அப்படிக் கணக்குப் போட நேரம் ஏது?

அணு ஆயுத முடிவு மனிதர் கையில்தான் இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் அப்போதைய அமெரிக்க அதிபர் பைடனும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் ஒப்புக்கொண்டார்கள். சரி, நல்ல விஷயம்தான். ஆனால் அந்த மனிதருக்கு முன்னால் எச்சரிக்கைகளைச் சலித்து, 'தாக்குதல் உறுதி' என்று திரையில் போடப்போவது இயந்திரமாக இருந்தால், முடிவு யாருடையது? மெயின் தேர்வுக்கு இந்தக் கேள்வியை வைத்து ஒரு பத்தி எழுதிப் பழகச் சொல்கிறேன். பாதிப்பேர் பைடன், ஷி பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள்.