எம்.ஜி.பி. ஸ்டார்ட்டர் மோட்டார்: இரண்டாம் முறை பற்றவைத்த பிரஷ்கள்

மூன்று வாரங்களாகச் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஒலியை மட்டுமே தந்துகொண்டிருந்த என் 1972ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ஜி.டி. என்ற பழைய பிரிட்டிஷ் கார் நேற்றுக் காலை முதல் முயற்சியிலேயே உயிர்பெற்றது. சென்ற மாதம் இஞ்சினைச் சுழற்றித் தொடங்கவைக்கும் இதே லூகாஸ் 2எம்100 ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் புதிய பிரஷ்கள் (சுழலும் பகுதிக்கு உரசியபடி மின்சாரம் கடத்தும் கார்பன் துண்டுகள்) போட்டு, வேலை முடிந்துவிட்டது என்று நம்பியிருந்தேன். நான்கே நாட்களில் பழைய நோய் திரும்பிவிட்டது. அந்தத் தோல்வியின் காரணம் இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

இந்த வண்டியில் இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் உள்ளன; அங்கிருந்து மோட்டார் வரை தடித்த கேபிள் நீண்ட தூரம் ஓடுகிறது. ஆகவே முதல் முறை பேட்டரிகளை இணைக்கும் கேபிளின் முனைகளையும், ரப்பர் தாங்கிகளின் மேல் நிற்கும் இஞ்சினைப் பாடியுடன் இணைக்கும் எர்த் பட்டையையும் சுரண்டிச் சுத்தம் செய்தேன். நேர்முனைப் பக்கக் கேபிளில் 1.1 வோல்ட்டாக இருந்த மின்னழுத்த இழப்பு 0.3க்கு இறங்கியது. இம்முறையும் அதே அளவுதான் காட்டியது. ஆனால் ‘டக்’ ஒலிக்கும் நேரத்தில் சாலினாய்டிலிருந்து (சாவியைத் திருப்பியதும் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்த ஸ்விட்ச்) மோட்டாருக்குள் செல்லும் முனையில் ஏறத்தாழ 12 வோல்ட் இருந்தது. பேட்டரியின் மின்னழுத்தமும் தாழவில்லை. மோட்டார் இறுகிப்போயிருந்தால் அழுத்தம் சட்டென்று விழுந்திருக்கும். மின்சாரம் வாசல் வரை வந்தும் உள்ளே போதிய அளவு பாயவில்லை என்றால், ஐயம் மீண்டும் பிரஷ்களின் மேல்தான் விழும்.

ஆயில் பில்டரைக் கழற்றி, மேல் போல்ட்டை நீண்ட எக்ஸ்டென்ஷன் கொண்டு எடுத்து, மோட்டாரை இறக்கிய கதையை விரிக்கப்போவதில்லை. ஆர்மேச்சர் எனும் சுழலும் பகுதியின் தண்டின் முனையிலுள்ள பிடிவளையத்தை மட்டும் குறிப்பிட வேண்டும். அதை வெட்டித்தான் எடுக்க முடியும். அப்படியிருந்தும் நான் வாங்கிய பிரஷ் தொகுப்பில் புதிய வளையம் இல்லை. சில பென்ஸ் (பிரிட்டிஷ் சில்லறைக் காசு) மதிப்புள்ள அந்த வளையத்துக்காக இரண்டாவது முறையும் தனி அஞ்சல் கட்டணம் செலுத்தியது எனக்கு உண்மையிலேயே கோபமூட்டியது.

பிரித்துப் பார்த்ததும் காரணம் கண்ணில் பட்டது. மோட்டாரின் கூட்டோடு நிலையாக நிற்கும் பீல்டு சுருளுடன் சேர்ந்த பிரஷ்களை மாற்றும்போது பழைய பின்னல் கம்பியை அடியோடு வெட்டாமல் சுமார் 6 மி.மீ. விட்டு, அந்த மிச்சத்தின் மேல்தான் புதிய கம்பியைப் பற்றவைக்க வேண்டும். நான் அதைச் சரியாகவே செய்திருந்தேன்; பிழை சூட்டில் இருந்தது. என்னிடமிருந்த 40 வாட் சால்டரிங் அயர்ன் (பற்றவைக்கும் கருவி), குளிர்ந்த கொட்டகையில் அவ்வளவு செம்பைச் சூடாக்கப் போதவில்லை. ஈயம் உருகும் வரை நெடுநேரம் அழுத்திப் பிடித்திருந்ததால், உருகிய ஈயம் திரியில் எண்ணெய் ஏறுவதைப்போலப் பின்னலுக்குள் ஊர்ந்து ஏறிவிட்டது. துணிபோல் வளைய வேண்டிய கம்பி குச்சியாகிவிட்டது. குச்சியாகிய கம்பி பிரஷ்ஷை அதன் கூட்டுக்குள் நகரவிடாமல் பிடித்துக்கொண்டது. பிரஷ் சிறிது தேய்ந்ததும், ஸ்பிரிங் எவ்வளவு தள்ளியும் அது கம்யூட்டேட்டரின் (ஆர்மேச்சரில் பிரஷ்கள் உரசும் செம்புப் பட்டைகளின்) முகத்தைச் சரியாகத் தொடவில்லை.

இம்முறை 150 வாட் அயர்ன் ஒன்றை இரவல் வாங்கினேன். பழைய பிரஷ்களின் கம்பிகளில் ஆறு முறை பழகிய பிறகே புதியவற்றைத் தொட்டேன். மிச்சக் கம்பிக்கு முதலில் மெல்லிய ஈயப்பூச்சு கொடுத்து, புதிய கம்பியில் இணைப்புக்கு ஒட்டினாற்போல் தட்டைமூக்கு இடுக்கியைக் கவ்வவிட்டு, அகன்ற முனையால் சில நொடிகள் மட்டுமே சூடு காட்டினேன். மேலேறும் சூட்டை இடுக்கியே உறிஞ்சிக்கொண்டதால் ஈயம் அதைத் தாண்டவில்லை. ஆறிய பின் கம்பியை விரலால் வளைத்துப் பார்த்தேன். இணைப்பின் ஓரம் வரை மென்மையாக இருந்தது. காப்புறையை இழுத்து மூடி, ஒவ்வொரு பிரஷ்ஷையும் கூட்டில் அழுத்திவிட்டபோது தானாகவே முன்னால் வந்தது. அந்த ஒரு அசைவைக் காணத்தான் ஒரு மாதம் போயிருந்தது.

கம்யூட்டேட்டரைப் பெட்ரோல் நனைத்த துணியாலும் நுண்ணிய கண்ணாடித்தூள் உப்புத்தாளாலும் துடைத்தேன்; இந்த மோட்டாரில் பட்டைகளுக்கு இடையேயுள்ள காப்பைக் குடைந்தெடுக்கக் கூடாது. தண்டைத் தாங்கும் புதிய வெண்கலப் புஷ்ஷை முந்தைய நாளே எண்ணெயில் ஊறப்போட்டிருந்தேன்.

இப்போது இஞ்சினைச் சுழற்றும்போது மோட்டார் முனையில் 10.1 வோல்ட் காட்டுகிறது. எடை குறைந்த நவீன கியர்வகை மோட்டாரை வாங்கிவிடுமாறு நண்பர்கள் சொல்கிறார்கள். பழையது இப்படிச் சுழலும்வரை எனக்கு அதற்கு மனமில்லை. ஆனால் நான்கு சிலிண்டர் இஞ்சின் பெரும்பாலும் குறிப்பிட்ட இரண்டு நிலைகளிலேயே வந்து நிற்பதால், பிளைவீல் பல்வளையம் (ஸ்டார்ட்டர் மோட்டார் பற்றிச் சுழற்றும் பற்சக்கர வளையம்) அந்த இடங்களில்தான் அதிகம் தேயும். மோட்டார் வெளியே இருந்தபோது அவ்விரண்டில் ஒன்றை மட்டுமே பார்த்தேன். பற்களின் ஓரம் மழுங்கத் தொடங்கியிருக்கிறது. அடுத்த கோடையில் கிளட்ச்சுக்காக இஞ்சினை இறக்கும்போது வளையத்தையும் மாற்றிவிடலாம் என்று விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஆயில் பில்டரின் புதிய ரப்பர் வளையம் மட்டும் இன்னும் இலேசாகக் கசிகிறது. அதை இந்தச் சனிக்கிழமை பார்க்க வேண்டும்.