ஏசி மாத்தப் போய் முற்றம் வரைக்கும் பைப் இழுத்த கதை

கும்பகோணத்துல எங்களுது பழைய வீடு, ரெண்டு பக்கமும் பொதுச்சுவர், ஏசி இருக்குற ரூம் வீட்டுக்கு நடுவுல மாட்டிக்கிட்டதால வெளிச்சுவரே கிடையாது. பழைய ஏசி தண்ணிய அறைக்குள்ளயே ஒரு வாளியில புடிச்சு காலையில அம்மா செடிக்கு ஊத்துவாங்க, நம்ம ஊர் புழுக்கத்துக்கு ராத்திரி முழுக்க ஓடினா முக்கால் வாளி தேறும்.

போன சித்திரையில அது செத்துப்போச்சு. புதுசு ஒன்றரை டன் மாட்ட வந்த தம்பி தண்ணி வெளிய போற சுருள் ஹோஸை கதவு நிலைக்கு மேல ஏத்தி முற்றத்துல தொங்கவிட்டுட்டு கிளம்பிட்டாரு. ரெண்டாம் நாள் ராத்திரி கட்டில்ல சொட்டு சொட்டுன்னு தண்ணி, அப்பா மச்சு ஒழுகுதுன்னு டார்ச் எடுத்துட்டு மேல பாக்குறாரு, சித்திரையில ஏதுப்பா மழை!

விஷயம் இவ்ளோதான், இந்தத் தண்ணி தானா சரிஞ்சுதான் போகும், தள்ளிவிட மோட்டார் கிடையாது. ஹோஸ் நிலைக்கு மேல ஏறி எறங்குது, நடுவுல தொப்பை வேற, அதுல தண்ணி தேங்கி காத்து அடைச்சு, ஏசிக்குள்ள தண்ணி புடிக்கிற தட்டு நிரம்பி உள்ளயே வழியுது.

அப்புறம் கொத்தனாரைக் கூப்டோம். ஏசியையே அரை அடி ஒசத்தி மாட்டி, முக்கால் இஞ்ச் பிவிசி பைப், 12 அடிக்கு 2 இஞ்ச் வாட்டம் (சரிவு), ரெண்டடிக்கு ஒரு கிளாம்ப். ரசமட்டம் வச்சுப் பாத்தா நடுக் கிளாம்ப் ஒண்ணு அரை இஞ்ச் தூக்கி நிக்குது, அதைக் கழட்டி எறக்கினோம். பக்கத்துல இருந்த கக்கூஸ் லைன்ல சேத்துடலாம்னாரு, வேணவே வேணாம்னுட்டேன், நாத்தமும் கரப்பானும் நேரா ரூமுக்கு வரும். உள்ள வர்ற பைப்புக்கு ஃபோம் சுத்தியாச்சு, இல்லன்னா பைப்பே வேர்த்து சுவரு ஊறிடும்.

பைப்பை மூடிச் சுவரு பூசுறதுக்கு முன்னாடி ஏசி மூடியக் கழட்டி தட்டுல ஒரு சொம்பு தண்ணிய மெதுவா ஊத்தச் சொன்னேன், முற்றத்துல நான் உக்காந்து பாத்தேன், கொஞ்ச நேரத்துல கொடகொடன்னு வந்துச்சு. இதை மட்டும் விட்றாதீங்க, பூசினப்புறம் தெரிஞ்சா திரும்ப ஒடைக்கணும்.

முனை சலதாரைக்கு நாலு விரக்கடை மேல நிக்குது, தண்ணிக்குள்ள முங்கக்கூடாது. அம்மா அதுக்கடியிலயும் வாளிய வச்சுட்டாங்க, நிரம்பி முனையத் தொடுறதுக்குள்ள எடுத்துடுங்கம்மான்னு சொல்லி வச்சிருக்கேன்.