தலைதட்டி ஒரு கரண்டி: மகளுக்குப் பால் பவுடர் புகட்டிய முதல் வாரங்கள்

பால் பவுடர் டின் வாங்குவதில் ஒரு சிரமமும் இல்லை. மருத்துவர் சீட்டில் எழுதித் தருகிறார், மருந்துக் கடையில் எடுத்துக் கொடுக்கிறார்கள். அதை எப்படிக் கரைப்பது, எதில் புகட்டுவது, மிச்சத்தை என்ன செய்வது என்பதெல்லாம் யாராவது பக்கத்தில் நின்று சொல்லித்தந்தால்தான் விளங்கும். எங்களுக்கு அப்படி ஒரு செவிலியர் அம்மா வாய்த்தார். எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பிரசவத்தின்போது என் மனைவிக்கு இரத்தப்போக்கு மிகுதியாகி, இரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. அவ்வளவு இரத்தம் இழந்தவர்களுக்குப் பால் சுரக்கத் தாமதமாகலாம் என்று மருத்துவர் அன்றே சொன்னார். சீம்பால் கொஞ்சம் வந்தது. அதைச் சொட்டு விடாமல் மகளுக்குக் கொடுத்தோம். ஆனாலும் எடை இறங்கிக்கொண்டே போனது. பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் எடை இறங்குவது இயல்புதான். 10 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் கவனிக்க வேண்டும். மகள் அதைத் தாண்டிவிட்டாள். சிறுநீர் போவது குறைந்தது, மஞ்சள் காமாலையும் ஏறியது. அதன் பிறகுதான் பவுடர் பால் எழுதிக் கொடுத்தார், அதுவும் ‘மார்பில் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு’ என்ற கண்டிப்போடு.

செவிலியர் அம்மா என்னைக் கூப்பிட்டு, “நீங்களே கரையுங்கள் தம்பி, நான் பார்க்கிறேன்” என்றார். முதலில் தண்ணீரை அளந்து ஊற்ற வேண்டும், பிறகுதான் பவுடர். எங்கள் டின்னில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி. அந்தக் கரண்டியைக் குவித்தும் எடுக்கக்கூடாது, அமுக்கியும் எடுக்கக்கூடாது. சுத்தமான கத்தியின் முதுகால் தலைதட்டி எடுக்க வேண்டும். அரைக் கரண்டி என்பதை நம்பி அளக்க முடியாது. குழந்தை 45 மில்லிதான் குடிக்கும் என்றாலும் 60 மில்லிக்குக் கரைத்து, மிஞ்சியதைக் கொட்டிவிடச் சொன்னார். வீணாகிறதே என்று முதலில் மனம் அடித்துக்கொண்டது. 400 கிராம் டின் ஒரு வாரத்துக்குத் தாக்குப்பிடிப்பதே கடினம், விலையும் குறைவில்லை. ஆனால் குழந்தை வாய் வைத்த பாலை எடுத்து வைத்து அடுத்த வேளைக்குக் கொடுப்பது வயிற்றுப்போக்கை நாமே அழைப்பதாகும்.

தண்ணீரின் சூடு பற்றி ஒரு குழப்பம் இருந்தது. டின்னில் வெதுவெதுப்பான நீர் என்று அச்சிட்டிருந்தார்கள். குழந்தைநல மருத்துவரோ, கொதித்து இறக்கிய தண்ணீர் அரை மணி நேரம் தாண்டுவதற்குள், 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும்போதே பவுடரைச் சேர்க்கச் சொன்னார். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் அதுவே. பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. க்ரோனோபாக்டர் போன்ற கிருமி அரிதாக அதில் இருக்கலாம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளையும் குறைமாதக் குழந்தைகளையும் அது கடுமையாகத் தாக்கும். சூடான நீரில் கரைத்து, கிண்ணத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே புகட்டுவோம். இரவுக்கு, கொதித்த தண்ணீரை உடனே நல்ல ஃபிளாஸ்க்கில் ஊற்றி மூடிவைப்பேன். பாலைக் கரைத்து வைப்பதில்லை. அவள் விழித்த பிறகுதான் கரைப்பேன்.

திருநெல்வேலியில் மாமியார் வீட்டுக்கு வந்ததும் வேறு பேச்சுகள் கிளம்பின. “என்ன மாப்பிள்ளை, பால் இப்படித் தண்ணீராக இருக்கிறதே, இன்னொரு கரண்டி போட்டால் என்ன?” என்று அத்தை கேட்டார். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு நேர்மாறான கவலை: பவுடர் சூடு, செரிக்காது, தண்ணீர் கூட்டு. இரண்டும் ஆபத்து. கெட்டியானால் மலச்சிக்கலும் நீரிழப்பும் வரும். தண்ணீர் கூடினால் எடை ஏறாது. உடம்பில் உப்புச் சத்து குறைந்து வலிப்புகூட வரலாம். அத்தையிடம் வாதாடவில்லை. டின்னின் அட்டவணையை அவரையே வாசிக்கச் சொன்னேன், அடுத்த வேளைப் பாலை அவர் கையாலேயே அளக்கச் சொன்னேன். அன்றிலிருந்து கரண்டி விஷயத்தில் அவர்தான் வீட்டிலேயே கறார். உரைமருந்தும் சர்க்கரைத் தண்ணீரும்கூட வேண்டாம் என்று பாட்டியிடம் எடுத்துச் சொன்னவரும் அவர்தான்.

புட்டி வாங்கவில்லை. மனைவிக்குப் பால் ஊறும்வரை குழந்தை மார்பை மறந்துவிடக்கூடாது என்பதால் பாலாடையில், அதாவது மூக்கு நீண்ட சிறு கிண்ணத்தில், புகட்டச் சொன்னார்கள். எவர்சில்வர் பாலாடை என்றால் ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கழுவி, கொதிநீரில் போட்டெடுக்கலாம். குழந்தையைப் பாதி நிமிர்த்தி மடியில் சாய்த்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் மேல் வைத்துச் சற்றே சரித்தால் போதும். பால் உதட்டைத் தொட்டதும் சின்ன நாக்கு வெளியே வந்து அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். வாய்க்குள் ஊற்றவே கூடாது, புரையேறிவிடும். நடுநடுவே நிறுத்தி, தோளில் போட்டு முதுகை நீவினால் ஏப்பம் வரும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று பொருள். கிண்ணத்தில் இருப்பதைக் காலி செய்ய வைப்பது நம் வேலையல்ல. அழுவது பசியின் கடைசி அடையாளம். அதற்கு முன்பே கையைச் சூப்புவாள், தலையைத் திருப்பித் தேடுவாள்.

போதுமா என்ற பயத்துக்குச் சிறுநீர்தான் விடை. முதல் வாரம் கழிந்த பிறகு ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைய வேண்டும். எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 150 மில்லி என்ற கணக்கை மருத்துவர் தந்தார். மூன்று கிலோ குழந்தைக்கு ஒரு நாள் முழுவதற்கும் 450 மில்லி.

இதையெல்லாம்விடக் கடினமாக இருந்தது பார்க்க வந்தவர்களின் கேள்வி. “தாய்ப்பால் இல்லையா?” என்று பச்சை உடம்புக்காரியின் முகத்துக்கு நேரே கேட்டார்கள். பால்சுறாப் புட்டும் பூண்டுப் பாலும் அன்போடு வந்தன. கூடவே அந்தக் கேள்வியும் வந்தது. அவள் பவுடர் டின்னைக் கட்டிலுக்கு அடியில் மறைத்து வைப்பதைப் பார்த்தபோது எனக்கு மனம் ஆறவில்லை. டின்னை எடுத்து அலமாரியில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தேன். கேட்டவர்களிடம், “மருத்துவர் எழுதிக் கொடுத்த பால், நான் கரைக்கிறேன்” என்று நானே சொல்லிவிடுவேன்.

பால் பவுடர் விளம்பரத்தைத் தடுக்கும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தேவையான சட்டம். டின்னில் குழந்தைப் படம்கூடப் போடக்கூடாது என்கிறது. ஆனால் தேவைப்பட்டு எழுதிக் கொடுத்த குடும்பத்துக்குக் கரைக்கச் சொல்லித்தருவது விளம்பரம் ஆகாது. மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் ஒரு வேளைப் பாலையாவது செவிலியர் கண்ணெதிரில் கரைத்துக் காட்டிவிட்டு வாருங்கள். அவர்கள் கூப்பிடாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போனபோது எடை நன்றாக ஏறியிருந்தது. மனைவிக்கும் பால் ஊறியிருந்தது, முழுதாக அல்ல. பகலில் பெரும்பாலும் தாய்ப்பால், இரவில் இரண்டும். அளவைக் குறைக்கலாமா என்பதை அடுத்த எடை பார்த்துச் சொல்கிறேன் என்றார் மருத்துவர். நாங்களாகக் குறைக்கவில்லை.