பன்னிரண்டு தட்டுகள்: பின் ரூட்டர் நாட்குறிப்பு

ஜூன் 3
பன்னிரண்டு மரத்தட்டு செய்ய வேண்டும். ஒவ்வொன்றிலும் அவரை விதை வடிவில் 18 மி.மீ. ஆழக் குழி. கை ரூட்டரில் (சுழலும் வெட்டுமுனையால் மரத்தைக் குடையும் கருவி) செய்து பார்த்த இரண்டுமே ஒன்றுபோல் வரவில்லை. இனி பின் ரூட்டர்தான். மேலே சுழலும் வெட்டுமுனை, அதாவது பிட்; அதற்கு நேர் கீழே மேசையில் ஒரு குட்டி முளை; அதுதான் பின் (pin). மரத்தின் அடியில் டெம்ப்ளேட்டை (குழியின் வடிவில் துளையிட்ட மாதிரிப் பலகை) மாட்டி, அதன் விளிம்பை முளையில் உரசியபடி நகர்த்தினால், மேலே பிட் அதே கோட்டில் வெட்டும்.

ஜூன் 5
நாள் முழுக்க டெம்ப்ளேட் வேலை. 9 மி.மீ. பிளைவுட். அரத்தால் ராவிய பிறகு வளைவில் நகத்தை ஓட்டினேன், ஓரிடத்தில் தட்டியது. கண்ணுக்குத் தப்பிய மேடு. முளைக்குத் தப்பாது, பன்னிரண்டிலும் அதே இடத்தில் வந்து நிற்கும். அதனால் நகம் வழுக்கிக்கொண்டு போகும்வரை தேய்த்தேன்.

முளை மேசைக்கு மேல் 6 மி.மீ. நின்றால் போதும். டெம்ப்ளேட்டின் தடிமனைத் தாண்டினால் மரத்தின் அடியில் இடிக்கும்.

ஜூன் 6
முளையும் பிட்டும் 12 மி.மீ. மையம் சரியா என்று பார்க்க, 80 மி.மீ. வட்டத்தை இரண்டு முறை வெட்டினேன். மரத்தைத் திருப்பாமல் நகர்த்தியபோது சரியாக 80. அச்சில் சுற்றுவதுபோல் திருப்பித் திருப்பி வெட்டியபோது 80.4. அப்படியென்றால் முளை 0.2 மி.மீ. விலகி நிற்கிறது. திருப்பாமல் வெட்டினால் வடிவம் இடம் மட்டும்தான் மாறும், அளவு மாறாது. முதல் வட்டத்தோடு நிறுத்தியிருந்தால் பிழை தெரிந்தே இருக்காது. போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்யவே மாலையாகிவிட்டது.

ஜூன் 8
வெட்டு ஆரம்பம். முதலில் 14 மி.மீ. முளை போட்டேன், சுற்றிலும் 1 மி.மீ. மரம் மிச்சம் நிற்கும். ஒரு தடவைக்கு 4, 5 மி.மீ. ஆழத்துக்கு மேல் இறக்கவில்லை. அப்புறம் 12 மி.மீ. முளைக்கு மாற்றிக் கடைசிச் சுற்று. சுவர் வழவழவென்று வந்தது.

நான்காவதில் கை பிசகியது. பிட் மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றுவதால், என் பக்கத்துச் சுவரை வெட்டும்போது மரத்தை இடமிருந்து வலமாகத் தள்ள வேண்டும். பிட் கீழிருந்து மேலே நீட்டும் ரூட்டர் மேசையில் இதற்கு நேர் எதிர். பழக்கத்தில் மாற்றித் தள்ளினேன், மரம் கையை இழுத்துக்கொண்டு ஓடியது. முளை டெம்ப்ளேட்டின் துளைக்குள் இருந்ததால் வெட்டு எல்லை தாண்டவில்லை. உடனே நிறுத்தி, டெம்ப்ளேட் பலகையில் விரல்கள் பிட்டுக்கு எட்டாத தூரத்தில் இரண்டு கைப்பிடி திருகினேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

ஜூன் 9
ஏழாவதில் சுவரில் ஒரு புடைப்பு. டெம்ப்ளேட் வளைவில் மரத்தூள் இறுகி, முளையை விளிம்பில் சேரவிடவில்லை. நல்லவேளை, மரம் கூடுதலாகத்தான் நின்றது. தூளை ஊதிவிட்டு இன்னொரு சுற்று, சரியாகிவிட்டது.

ஜூன் 11
முதல் குழிக்குப் பொருந்தும்படி கையால் ஒரு துண்டு செதுக்கி, வரிசையாக மற்றப் பதினொன்றிலும் இறக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் காற்று ‘உஸ்’ஸென்று வெளியேற, மெதுவாக இறங்கி அமர்ந்தது. நான்காவதிலும், ஏழாவதிலும்கூட.