வெள்ளிக்கிழமை ஆறு மாத்திரை

பாப்பாவுக்கு ஆறு வயசு. போன வருஷம் ஆடி மாசம் பிளட் கேன்சர்னு சொன்னாங்க, அதுல ஏ.எல்.எல்.னு ஒரு வகை. குழந்தைங்களுக்கு வர்ற கேன்சர்லயே இதுதான் அதிகமாம், நல்லா குணமாகறதுல இதுவும் ஒண்ணுன்னு டாக்டர் மேடம் சொன்னப்போ அந்த ரெண்டாவது பாதி எனக்குக் காதுலயே விழல. சென்னைக்கும் எங்க ஊருக்கும் அலைஞ்சு எட்டு மாசம் ஓடிப்போச்சு, அத இன்னொரு நாள் எழுதறேன். இப்போ மெயின்டனன்ஸ்னு ஒரு கட்டம், நோய் திரும்பி வராம பாத்துக்கறது, அஞ்சு மாசம் ஆச்சு, மொத்தம் ரெண்டு வருஷம் கிட்ட ஓடும். மாசம் ஒரு தடவ போய் ஊசி போட்டுட்டு வரணும், மூணு மாசத்துக்கு ஒரு தடவ முதுகுல ஊசி, மத்த எல்லா நாளும் வைத்தியம் நம்ம வீட்டு அடுப்பங்கரைலதான்.

வீட்டுக்கு அனுப்புற அன்னிக்கு சிஸ்டர் ஒரு கவர்ல மாத்திரையப் போட்டு கையில குடுத்து "இனிமே நீங்கதான்மா நர்ஸ்"னு சிரிச்சாங்க. எனக்கு சிரிப்பு வரல.

தினம் ராத்திரி ஒரு மாத்திரை, மெர்காப்டோப்யூரின், எல்லாரும் சிக்ஸ் எம்பின்னுதான் சொல்லுவோம். 50 மில்லிகிராம், வெளிர் மஞ்சள். பாப்பா உயரம் எடை பாத்து கணக்குப் போட்டு, திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் முழுசு, வெள்ளி சனி ஞாயிறு அரைன்னு எழுதிக் குடுத்தாங்க. அரை மாத்திரைன்னா ஏதோ சுலபம்னு நினைச்சேன். முதல் நாள் பிளேடால வெட்டினேன், மூணா ஒடைஞ்சு ஒரு துண்டு ஸ்டவ்வுக்கு அடியில போயிடுச்சு, நானும் அவரும் டார்ச் அடிச்சு குனிஞ்சு தேடினோம். இப்போ மெடிக்கல்ல மாத்திரை வெட்டற டப்பா ஒண்ணு வாங்கிட்டேன். கையில கிளவுஸ் போட்டுக்கிட்டு, இதுக்குன்னே ஒதுக்குன ஒரு சின்ன எவர்சில்வர் தட்டுல வச்சு வெட்டுவேன், அந்தத் தட்டுல வேற எதுவும் வைக்கறதில்ல, தனியா கழுவி தனியா கவுத்து வைக்கறது. நாத்தனார் மாசமா இருக்கா, அவள அந்தப் பக்கமே விடறதில்ல, வயித்துல இருக்கற குழந்தைக்கு இந்த மருந்தெல்லாம் ஆகாது.

மளிகைக் கடைல குடுத்த மாச காலண்டர்ல தினம் டிக் போடுறேன். மாத்திரைய 100க்கு 95 நாளாவது சரியா போடலன்னா நோய் திரும்பி வர்ற வாய்ப்பு கூடுதுன்னு அமெரிக்காவுல குழந்தைங்களுக்குப் பண்ண ஆராய்ச்சி ஒண்ணு சொல்லுதாம். அத கேட்டதுலேர்ந்து ராத்திரி படுத்தப்புறம் எந்திரிச்சு வந்து டிக் இருக்கான்னு பாக்கற வியாதி எனக்கு வந்துடுச்சு.

ஆனா எனக்கு நிஜமான பயம் வெள்ளிக்கிழமைதான். வெள்ளிக்கிழமை மட்டும் மெத்தோட்ரெக்சேட், 2.5 மில்லிகிராம் மாத்திரை ஆறு. வாரத்துக்கு ஒரே ஒரு தடவ. இத மறந்து தினம் குடுத்தா உயிருக்கே ஆபத்து, அப்படி நடந்தும் இருக்குன்னு சிஸ்டர் சொல்லி சொல்லி அனுப்புனாங்க. முதுகு ஊசி போடற வாரத்துல இது கிடையாது, ஏன்னா அதே மருந்ததான் முதுகுலயும் போடறாங்க, காலண்டர்ல அந்த வெள்ளிய செகப்புல அடிச்சு வச்சிருக்கேன்.

வைகாசில மாத்திரை தீந்து போச்சு, சென்னைக்குப் போக இன்னும் ஒரு வாரம் இருக்கு, சரின்னு இங்கயே ஒரு மெடிக்கல்ல சீட்டக் காட்டி அவர வாங்கிட்டு வரச் சொன்னேன். வாங்கிட்டு வந்தாரு. ராத்திரி ஆறு மாத்திரைய எண்ணி பிரிச்சு தட்டுல போட்டுட்டேன், பாப்பா வாயத் தொறந்துட்டு நிக்கறா. என்னமோ மாத்திரை கொஞ்சம் பெருசா இருக்கற மாதிரி தோணுச்சு. அட்டைய திருப்பிப் பாத்தா 10ன்னு போட்டிருக்கு. ஆறு மாத்திரைன்னா 60 மில்லிகிராம், 15 போக வேண்டிய எடத்துல. கை வெடவெடன்னு ஆடுது. பாப்பா "அம்மா வாய் வலிக்குது"ங்கறா.

மறுநாள் கடைல போய் கேட்டா "அதே மருந்துதான்மா, மூட்டுவலிக்காரங்க எல்லாம் இததான் வாங்குறாங்க"ன்னாரு. கடைக்காரரத் திட்டி என்ன ஆகப்போகுது, ஆனா திட்டினேன். அன்னிலேர்ந்து வீட்டுல ஒரு சட்டம். ஒருத்தர் எண்ணி வைக்கணும், இன்னொருத்தர் அட்டைய சத்தமா படிச்சுட்டு திரும்ப எண்ணணும். அவர் ஊர்ல இல்லன்னா வீடியோ கால்.

கவுண்ட்டுன்னு ஒண்ணு இருக்கு, அத சொந்தக்காரங்களுக்குப் புரிய வைக்கறதுக்குள்ள நாக்கு தள்ளிடுது. பதினஞ்சு நாளைக்கு ஒருதடவ ரத்தம் குடுத்து, வெள்ளையணு மொத்தம் எவ்ளோ, அதுல கிருமியோட சண்டை போடற நியூட்ரோபில்ங்கற வகை எத்தன சதவீதம்னு பாத்து பெருக்கணும். மொத்தம் 2,800, நியூட்ரோபில் 42ன்னா 1,176. இது நல்ல கவுண்ட். ரிப்போர்ட்டுல அந்த 2,800 பக்கத்துல குறைவுன்னு குறி போட்டு வரும், அத பாத்துட்டு அத்தை அழறாங்க. ரொம்ப ஏறிடுச்சுன்னாதான் மேடம் மருந்த கூட்டுவாங்க, மருந்து பத்தலன்னு அர்த்தமாம். 500க்குக் கீழ போச்சுன்னா மாத்திரைய நிறுத்தி வைப்பாங்க. மேலயும் ஏறக்கூடாது கீழயும் எறங்கக்கூடாது, கம்பி மேல நடக்கற மாதிரி.

இதுல ஆளாளுக்கு ஒரு வைத்தியம். பப்பாளி இலை சாறு குடுங்க, அது குடுங்க இது குடுங்க. எங்க பெரியம்மா பாசமா ரத்தம் ஊற டானிக்னு ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வந்தாங்க, லேபிள்ல பாத்தா ஃபோலிக் ஆசிட். மெத்தோட்ரெக்சேட்டோட வேலையே உடம்புல அந்த ஃபோலிக் ஆசிட்ட வேலை செய்ய விடாம தடுக்கறதுதான், அத நாமளே ஊத்தி குடுத்தா எப்படி? இதப் பத்தி படிக்கறப்போதான் ஒரு விஷயம் தெரிஞ்சுது. இந்த மருந்த உண்டாக்குன குழுவுக்குத் தலைவரா இருந்தவர் எல்லாப்ரகட சுப்பாராவ், ஆந்திராவுல பீமவரத்துக்காரர், படிச்சது நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல. கதர்ல சர்ஜரி அங்கி போட்டுக்கிட்டு வந்தார்னு புரொஃபசருக்குப் பிடிக்காம எம்.பி.பி.எஸ்.க்கு பதிலா சின்ன பட்டம் குடுத்து அனுப்பிட்டாங்க. அமெரிக்கா போய் அவர் செஞ்சு குடுத்த மருந்தத்தான், இதுக்கு அண்ணன் மாதிரி ஒண்ணு, பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர்னு ஒரு டாக்டர் குழந்தைங்களுக்குக் குடுத்துப் பாத்து 1948ல எழுதினாரு. அதுக்கு முன்னாடி இந்த வியாதி வந்தா சில வாரமோ சில மாசமோதான். பெரியம்மாகிட்ட இதெல்லாம் சொன்னேன், "அப்போ இந்த டானிக்க நான் குடிச்சுக்கலாமா"ன்னு கேட்டாங்க. தாராளமா குடிங்கன்னேன்.

ஆனி மாசம் ஒரு நாள் ராத்திரி பதினொண்ணே முக்காலுக்கு நெத்தி சுட்டுது. தெர்மாமீட்டர் 100.8. நம்ம வீட்டுல எல்லாம் ஜுரம்னா ஒரு பாராசிட்டமால், ஈரத்துணி, காலைல பாத்துக்கலாம். இவளுக்கு அது கிடையாது. 100.4 தாண்டுனா அப்பவே கெளம்பணும், மாத்திரை குடுத்து ஜுரத்த மறைக்கக்கூடாது, போன ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் ஊசி ஏறணும். இதெல்லாம் எழுதின லெட்டர் ஒண்ணு பையிலயே வச்சிருப்போம், பை எப்பவும் கதவுக்குப் பின்னாடி மாட்டியிருக்கும். பக்கத்துல இருக்கற ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், பேரு வேண்டாம். டியூட்டி டாக்டர் சின்னப் பையன், லெட்டர பிரிக்காமயே "வைரல் ஃபீவர்தான், பின்பக்கம் ஒரு மருந்து வச்சா எறங்கிடும்"னாரு. கவுண்ட் கம்மியா இருக்கற குழந்தைக்கு ஆசனவாய் வழியா எதையும் வைக்கவே கூடாது, அங்க ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமி ரத்தத்துல போயிடும். நான் எம்.ஏ. தமிழ். அந்த ராத்திரி அந்த டாக்டர்கிட்ட நின்னு அத விளக்குறேன். எங்க ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு அவர் கையில குடுத்தப்புறம்தான் லெட்டரப் படிச்சாரு. ஊசி ஏறறப்போ மணி ஒண்ணு இருபது. விடிகாலைல ஆம்புலன்ஸ்ல சென்னை. கவுண்ட் 350. ஆறு நாள் படுக்கை, கைய விரிச்சு வச்சுக்கிட்டு கார்ட்டூன் பாத்துட்டு எந்திரிச்சு வந்துட்டா மகராசி.

போன வாரம் எதிர் வரிசைல ஒரு வீட்டு வாசல்ல வேப்பிலை சொருகி இருந்துச்சு. அம்மா வந்திருக்கான்னு அத்தை தூரத்துலேர்ந்தே கும்பிட்டாங்க, எனக்கு அடிவயித்துல பகீர்னுச்சு, ஏன்னா முந்தின நாள்தான் அந்த வீட்டுப் பொண்ணோட சேந்து எங்க பாப்பா திண்ணைல சொப்பு வச்சு வெளையாடினா. அம்மை இவளுக்கு வந்தா நம்மளுக்கு வர்ற மாதிரி வந்துட்டுப் போகாது. உடனே போன் பண்ணேன், நாலு நாளுக்குள்ள ஒரு ஊசி போடணும்னு வரச் சொன்னாங்க, மறுநாள் முதல் ரயில்ல போய் போட்டுட்டு வந்தோம். வந்ததும் அத்தை மாரியம்மனுக்கு மஞ்சத்துணில பதினோரு ரூபா முடிஞ்சு வச்சாங்க. அதுவும் இருக்கட்டும்.

இத டைப் பண்ண ஆரம்பிச்சு மூணு நாளாச்சு, நடுவுல நடுவுல எந்திரிச்சு போயிட்டே இருக்கேன். இப்பவும் கூப்புடுறாரு. மணி எட்டே முக்கால், வெள்ளிக்கிழமை. ஆறு எண்ணி வச்சுட்டாராம். நான் போய் அட்டையப் படிச்சுட்டு வரேன்.