நாடகப் பள்ளி நுழைவுத் தேர்வு எழுதுபவர்கள் வீட்டில் பேசி வைக்க வேண்டியவை

தில்லி தேசிய நாடகப் பள்ளிக்குத் தயாராகும் பிள்ளைகள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது மூன்று விஷயம். எந்த வசனத்தைத் தேர்ந்தெடுப்பது, இந்தி எவ்வளவு தெரிய வேண்டும், நேர்காணலில் என்ன கேட்பார்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நான் அங்கே படித்தேன், வெளியே வந்து வேலை இல்லாமல் இருந்தேன், அப்புறம் ஒரு தொலைக்காட்சித் தொடரால் திடீரென்று ஊருக்கே தெரிந்த முகமானேன். இத்தனைக்கும் நடுவில் ஒரு பெண் குழந்தையையும் வளர்த்தேன். அதனால் யாரும் கேட்காத இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. நடிப்பைத் தொழிலாக எடுப்பவர்கள் வீட்டோடு ஓர் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பெயர் வந்த பிறகு அதைச் செய்ய நேரமும் இருக்காது, நிதானமும் இருக்காது. விண்ணப்பம் போடும்போதே செய்துவிடுவது நல்லது.

முதலில் தேர்வைப் பார்ப்போம். ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். குறைந்தது ஆறு நாடகங்களில் பங்கேற்றதற்குச் சான்றும், நாடகத் துறையில் இருப்பவரின் பரிந்துரைக் கடிதமும் கேட்பார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். நடித்திருப்பார்கள், கையில் காகிதம் இருக்காது. நம் ஊர்க் குழுக்கள் பல துண்டறிக்கைகூட அச்சடிப்பதில்லை. அதனால் ஒவ்வொரு நாடகமும் முடிந்த வாரத்திலேயே நாடகத்தின் பெயர், நடந்த இடம், தேதி, உங்கள் பாத்திரம் எல்லாவற்றையும் எழுதி இயக்குநரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். இரண்டு புகைப்படமும் சேர்த்து வையுங்கள். மூன்று வருஷம் கழித்துத் தேடிப் போனால் அந்த இயக்குநர் எந்த ஊரில் இருப்பாரோ தெரியாது.

முதல் சுற்றில், அவர்கள் தரும் பட்டியலிலிருந்து வசனம் எடுத்து மனப்பாடம் செய்து நடித்துக் காட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் அழும் வசனத்தையோ கத்தும் வசனத்தையோதான் எடுக்கிறார்கள். எதிரில் இருப்பவரிடம் ஏதோ ஒன்றைக் கேட்டு வாங்கத் துடிக்கும் பாத்திரத்தை எடுங்கள் என்பேன். அதில் நடிக்க வேலை இருக்கிறது. பாதியில் நிறுத்திவிட்டு "இதையே வேறு மாதிரி செய்" என்பார்கள். என்னிடம், பக்கத்தில் ஒரு குழந்தை தூங்குகிறது, அது எழுந்துவிடாமல் அதே வசனத்தைச் சொல் என்றார்கள். மனப்பாடம் செய்த ஏற்ற இறக்கம் அத்தனையும் அந்த நொடியில் உதிர்ந்துவிடும். வசனத்தின் பொருள் உள்ளே போயிருந்தால் மட்டும்தான் தாக்குப்பிடிக்க முடியும். அதனால் வீட்டில் பழகும்போதே அடுப்படியில் கிசுகிசுத்தும், மாடிப்படி ஏறிக்கொண்டும், துணி உலர்த்திக்கொண்டும் சொல்லிப் பாருங்கள்.

பாடச் சொன்னால் சினிமாப் பாட்டுக்குப் போக வேண்டாம். ஒப்பாரி, கும்மி, தெருக்கூத்துப் பாட்டு, சிலம்பம், கரகம் என்று உங்கள் ஊரில் எது உங்களிடம் ஒட்டியிருக்கிறதோ அதைக் காட்டுங்கள். நான் எங்கள் பாட்டி பாடும் தாலாட்டைப் பாடினேன். மொழி புரியாதவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இந்தி விஷயத்தில் பயம் காட்டவும் மாட்டேன், ஒன்றுமில்லை என்றும் சொல்ல மாட்டேன். வகுப்புகள் பெரும்பாலும் இந்தியில்தான் நடக்கும். பள்ளியில் படித்தபோதே இந்தி பிரசார சபா நடத்தும் தேர்வுகளை ராஷ்டிரபாஷா நிலை வரை எழுதியிருந்தேன். வாசிக்க அது உதவியது, பேச உதவவில்லை. நாம் ஒரே எழுத்தால் எழுதிவிடும் ஓசைக்கு அங்கே நான்கு எழுத்து உண்டு. அந்த நான்கையும் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். தினமும் அரை மணி நேரம் ஒரு நாடகத்தைச் சத்தமாக வாசியுங்கள். இலக்கணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் சுற்றில் தேறியவர்களைத் தில்லிக்கு அழைத்துச் சில நாள் பயிலரங்கு நடத்துவார்கள். மண்டி ஹவுஸ் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரத்தில் பகவான்தாஸ் சாலை, அதில் பஹாவல்பூர் ஹவுஸ் வளாகம். 1959ல் சங்கீத நாடக அகாதெமியின் கீழ் தொடங்கிய பள்ளி, 1975ல் தனி நிறுவனமானது. இப்ராஹிம் அல்காசி 1962 முதல் 1977 வரை இயக்குநராக இருந்து வகுத்த ஒழுங்கைப் பற்றி இன்றைக்கும் அங்கே பேசுவார்கள். நாடு முழுவதிலிருந்தும் வருகிறவர்களில் ஒரு வகுப்புக்கு 30 பேர் அளவில்தான் எடுப்பார்கள். பயிலரங்கில் நீங்கள் நடிக்கும் நேரத்தைவிட அடுத்தவர் நடிக்கும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் ஆசிரியர்கள் கூர்ந்து பார்க்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. குழுப் பயிற்சியில் முந்திக்கொண்டு நின்றவர்கள் பலர் தேர்வானவர்கள் பட்டியலில் இல்லை.

நேர்காணலில் என்னிடம் கேட்ட ஒரு கேள்வி இது: "படித்து முடித்த பிறகு எப்படிப் பிழைப்பாய்? வீட்டில் என்ன சொல்கிறார்கள்?" எல்லாரிடமும் இப்படிக் கேட்பார்களா என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குத் தடுமாற்றமே இல்லை, ஏனென்றால் அந்தப் பேச்சு வீட்டில் ஏற்கெனவே முடிந்திருந்தது. அப்பா ஓய்வு பெற்றிருந்தார், தம்பி அப்போது கல்லூரியில். "சரிம்மா, படி. ஆனா முடிச்சிட்டு எத்தனை வருஷம் முயற்சி பண்ணுவ? அதுவரைக்கும் உன் செலவுக்கு என்ன வழி? தம்பி படிப்புக்கு உன்கிட்ட எதிர்பார்க்கலாமா, கூடாதா?" என்று கேட்டார். கோபமே இல்லாமல் கேட்டார். மூன்றுக்கும் பதிலை ஒரு நோட்டில் எழுதினோம். பள்ளியில் மாதாமாதம் உதவித்தொகை கிடைக்கும் என்பதால் படிக்கும் காலத்துக்குக் கவலை இல்லை. அதன் பிறகு ஒரு கெடு வைத்துக்கொண்டோம். அந்தக் கெடுவுக்குள் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டாம், வீட்டிலிருந்தும் கேட்கக் கூடாது என்பது ஒப்பந்தம். பல வீடுகளில் இந்தப் பேச்சு நடப்பதே இல்லை. "கலை ஆர்வம்" என்று பிள்ளை சொல்லும், "உருப்படுமா" என்று அப்பா சொல்லுவார், அத்தோடு கதவு மூடிக்கொள்ளும்.

இதே பள்ளியில் படித்த இந்தி நடிகர் பங்கஜ் திரிபாடியின் வாழ்க்கையை இந்தக் கண்ணோடு பார்க்கச் சொல்வேன். பீகார் கோபால்கஞ்ச் மாவட்டத்தில் பெல்சாண்ட் என்ற கிராமம், விவசாயக் குடும்பம். பாட்னாவில் இரவில் ஹோட்டல் சமையலறையில் வேலை, பகலில் நாடகம். நாடகப் பள்ளியில் முதல் முயற்சியிலேயே இடம் கிடைத்துவிடவில்லை. 2004ல் படிப்பை முடித்து, மனைவியோடு மும்பைக்குப் போனார். அவரை ஊர் கவனிக்க ஆரம்பித்தது 2012க்குப் பிறகு. நடுவில் இருந்த அந்த வருஷங்களில் வீட்டு வாடகையையும் அரிசி பருப்பையும் தாங்கியது மனைவி மிருதுளாவின் ஆசிரியர் சம்பளம்தான் என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

நம் விஜய் சேதுபதியும் அப்படித்தான். பி.காம். படித்துவிட்டு துபாயில் கணக்காளராக வேலை பார்த்தார். 2003ல் திருமணம். திரும்பி வந்து கூத்துப்பட்டறை என்ற சென்னை நாடகக் குழுவில் சேர்ந்ததும் கணக்கு எழுதும் வேலைக்குத்தான். கதாநாயகனாக முதல் படம் 2010ல், எல்லாரும் திரும்பிப் பார்த்தது 2012ல். புகழ் வருவதற்கு வெகு காலம் முன்பே அவர் குடும்பஸ்தர்.

இந்த இரண்டு கதைகளையும் பொறுமைக்குக் கிடைத்த பரிசு என்றுதான் மேடையில் பேசுகிறார்கள். எனக்கு இவை வீட்டுக் கணக்கின் கதைகளாகத் தெரிகின்றன. ஒரு வீட்டில் நிலையான சம்பளம் இன்னொருவரிடமிருந்து வந்தது. இன்னொரு வீட்டில் நடிகரின் கையிலேயே வேறு ஒரு தொழில் இருந்தது. காத்திருக்கும் வருஷங்களை யார் சுமப்பது என்பதற்கு இரண்டு வீட்டிலும் விடை இருந்தது. திறமை இருந்தும் பாதியில் ஊர் திரும்பிய என் வகுப்புத் தோழர்கள் சிலருக்கு அந்த விடை கிடைக்கவில்லை. அவர்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

இனி புகழுக்கு வருகிறேன். எனக்கு வந்தது சின்னப் புகழ்தான். ஆனால் தொடரில் வரும் புகழ் வேகமானது, தினமும் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வது. நான் நடித்தது அண்ணியைக் கொடுமைப்படுத்தும் நாத்தனார் வேடம். ஒளிபரப்பாகி ஒரு மாதத்துக்குள் மார்க்கெட்டில் முன்பின் தெரியாத அம்மாக்கள் என் கையைப் பிடித்து, "ஏம்மா அந்தப் பொண்ண இப்படிப் படுத்துற?" என்று கேட்டார்கள். எனக்கு அது பாராட்டு. என் மகளுக்கு அது வேறு. பள்ளியில் பிள்ளைகள் அவளைப் பாத்திரத்தின் பெயர் சொல்லி அழைத்தார்கள். ஒரு காட்சியில் நான் அறை வாங்குவதைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதாள். மறுவாரம் அவளைப் படப்பிடிப்புக்கே கூட்டிப் போனோம். கை கன்னத்தில் படுவதே இல்லை, கேமரா எந்தப் பக்கம் நிற்கிறது, சத்தம் எப்போது சேர்க்கிறார்கள் என்பதை அவளே பார்த்தாள். என்னை அறைந்த நடிகை அவளுக்கு இட்லி ஊட்டிவிட்டார். அதோடு அந்தப் பயம் போனது. நெகட்டிவ் வேடம் செய்யும் அம்மா அப்பாக்கள் எல்லாரும் இதைச் செய்ய வேண்டும். வீட்டில் உட்கார்ந்து "அது நடிப்புடா கண்ணு" என்று விளக்கினால் குழந்தைக்குப் போய்ச் சேராது.

நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை கால்ஷீட் என்றால், மேக்கப்பும் பயணமும் சேர்த்துக் குழந்தை எழுவதற்கு முன் கிளம்பி, தூங்கிய பின் வருகிற கணக்கு. பல தொடர்களில் எடுத்து முடித்து வைத்திருக்கும் எபிசோடு சில நாளுக்குத்தான் இருக்கும். முக்கியப் பாத்திரம் ஒரு நாள் வரவில்லை என்றால் எல்லாம் குலையும். அதனால் விடுப்பை முந்தின நாள் இரவு கேட்டால் கிடைக்காது. பள்ளி ஆண்டுவிழா, பெற்றோர் கூட்டம், பிறந்தநாள், மாமியாரின் மருத்துவப் பரிசோதனை என்று அடுத்த மாதத்துக்கு வேண்டிய தேதிகளை ஒரு தாளில் எழுதித் தயாரிப்பு நிர்வாகியிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவேன். எல்லாம் கிடைக்காது, ஆனால் பாதிக்கு மேல் கிடைக்கும். கேட்பதற்கே கூச்சப்பட்டு எதுவும் கிடைக்காமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றில் எனக்கு உறுதியான கருத்து உண்டு, பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கணவனையோ மனைவியையோ அம்மாவையோ மேனேஜராக்காதீர்கள். நம்பிக்கையான ஆள் வேண்டும் என்ற எண்ணத்தில்தான் செய்கிறார்கள், அது புரிகிறது. ஆனால் அப்புறம் வீட்டில் படப்பிடிப்பைப் பற்றிப் பேசாத ஆளே இருக்க மாட்டார். என் கணவர் தன் அலுவலக வேலையை விடவில்லை. என்னோடு கடை திறப்பு விழாவுக்கு வந்து நின்றதும் இல்லை. ராத்திரி அவரிடம் பேச மின்கட்டணமும் மகளின் கணக்குப் பாடமும் இருந்தன. எனக்கு அது பெரிய ஆறுதல்.

பணம் வரும்போது முழுதாகவும் வராது, உடனேயும் வராது. தொழில்முறைக் கட்டணம் என்பதால் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வருமானம் கூடினால் அது போதாது, முன்வரியை (அட்வான்ஸ் டாக்ஸ்) நீங்களே கட்ட வேண்டும். ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று நான்கு தவணை. முதல் மாதமே ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். தொடர் வருமானத்தை நம்பி வீட்டுக்கடன் வாங்க வேண்டாம் என்பது என் பிடிவாதம். பார்வையாளர் எண்ணிக்கை இறங்கினால் தொடரை நிறுத்துவார்கள், கதை திரும்பினால் உங்கள் பாத்திரத்தை வெளியூருக்கு அனுப்புவார்கள், மாதத் தவணை மட்டும் நிற்காது. கடன் கேட்டு வரும் உறவினர்களுக்கு நானோ என் கணவரோ தனியாகப் பதில் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டோம். "ரெண்டு பேரும் பேசிட்டுச் சொல்றோம் சித்தப்பா" என்று சொன்னால் யார் மனமும் புண்படாது. மகளின் படம் எந்தச் சமூக ஊடகத்திலும் வராது, பேட்டிக்கு வீட்டுக்குள் கேமரா வராது என்பதும் அப்போதே முடிவானது. இப்படி உட்கார்ந்து பேசி எழுதி வைக்கும் பழக்கம் அப்பாவின் அந்த நோட்டிலிருந்து வந்ததுதான்.

திருமணமாகிக் குழந்தையோடு இருக்கும் பெண்கள் சிலர், இப்போது விண்ணப்பிக்கலாமா என்று கேட்கிறார்கள். வயது வரம்பு 30 என்பதை முதலில் பாருங்கள், சில பிரிவினருக்குத் தளர்வு உண்டு. தில்லிப் படிப்பு மூன்று வருஷம். காலை உடற்பயிற்சி வகுப்பில் தொடங்கி இரவு ஒத்திகை வரை போகும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருந்து, அவர்களும் மனதார ஒத்துக்கொண்டால் மட்டும் போங்கள். அது முடியாது என்றால் இதே பள்ளியின் பெங்களூரு மையத்தில் ஓராண்டு நடிப்புப் படிப்பு இருக்கிறது. தென்மாநில மாணவர்களை மனதில் வைத்து நடத்துவது. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ ஒரு இரவு ரயிலில் போய்ச் சேரலாம், விடுமுறை கிடைத்தால் குழந்தையைப் பார்க்க வந்து போகலாம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் உள்ள நிகழ்கலைப் பள்ளியிலும் நாடகத்தில் முதுகலை படிக்கலாம். இந்த மூன்றின் அறிவிப்புகளும் வெவ்வேறு மாதங்களில் வரும், அவரவர் இணையதளத்தை அடிக்கடி பாருங்கள்.